ஏட்டைப் படிப்பவர் யார்?

பிளேட்டோ எழுதிய 'குடியரசு' என்னும் நூலின் முதற்பகுதியில், பிரேயஸ் துறைமுகத்திலே போலமார்க்கஸ் என்பவரின் இல்லத்தில் நண்பர்கள் கூடி, நீதி என்பது யாது என்று விவாதித்துக்கொண்டிருக்கும்போது, வல்லவனுக்கு நன்மையானதே நீதி என்று மார்தட்டிக்கொண்டு குறுக்கிடும் திராசிமாக்கஸை மடக்குவதற்காக, சாக்ரட்டீஸ் வைத்தியனை உதாரணமாக எடுத்துக்கொள்கிறார். வைத்தியன் என்ற சொல்லுக்கு உரிய முழுப்பொருளில் ஒருவனை வைத்தியன் என்று சொன்னால், அவன் பிணி தீர்ப்பவனா, பொருள் ஈட்டுபவனா என்பது அவர் கேள்வி. பிணி தீர்ப்பவன்தான் என்று எதிராளி ஒப்புக்கொண்ட பிறகு, அப்படியானால் அவன் வாங்கும் கூலிக்கு என்ன சமாதானம் என்ற முடிச்சை அவரே போட்டு, அவரே அவிழ்க்கவும் செய்கிறார். வைத்தியனிடத்தில் குடியிருப்பது ஒரு கலையன்று, இரண்டு. ஒன்று வைத்தியக் கலை, அதன் பலன் நோயாளியின் ஆரோக்கியம். மற்றொன்று கூலி ஈட்டும் கலை, அதன் பலன் வைத்தியனுடைய பணப்பை. வீடு கட்டும் கொத்தனுக்கும் கப்பல் ஓட்டும் மாலுமிக்கும் அந்த இரண்டாவது கலை பொதுவாக இருக்கிறது; ஆகையால் அது வைத்தியத்தின் அங்கம் ஆகாது.

இந்தப் பாகுபாட்டை முதன்முதலாகப் படித்தபோது, தர்க்கத்துக்கு இது அழகாக இருக்கிறது, வாழ்க்கைக்கு எங்கே உதவப்போகிறது என்று எண்ணிப் புத்தகத்தை மூடிவைத்தேன். நாடி பிடிக்கும் கையே பணத்தையும் வாங்கிக்கொள்கிறது. அந்தக் கைக்குள்ளே இரண்டு கலைகளுக்கும் நடுவில் வரப்பு போட யாரால் முடியும்? ஆனால், நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளைக் காகிதத்தில் எழுதிவந்த வைத்தியர்களை மின்னணுப் பதிவேட்டுக்கு மாற்றுவதற்காக அமெரிக்க அரசாங்கம் கோடி கோடியாகத் திரவியத்தைச் செலவிட்ட வரலாற்றைப் பின்னாளில் அறிந்தபோது, சாக்ரட்டீஸ் பிரித்துக் காட்டிய இரண்டும் மெய்யாகவே இரண்டுதான் என்று எனக்குப் பட்டது. ஒன்று எழுதவேண்டிய ஏட்டை மற்றொன்று எழுதத் தொடங்கினால் விளைவது என்ன என்பதும் அப்போதுதான் விளங்கிற்று.

2009-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் தேதி, கொலராடோ மாநிலத்து டென்வர் நகரத்தில், ஜனாதிபதி பராக் ஒபாமா, சரிந்து கிடந்த பொருளாதாரத்தை நிமிர்த்துவதற்கென்று காங்கிரஸ் சபை நிறைவேற்றிய சட்டத்திலே கையெழுத்திட்டார். சாலைகளுக்கும் பாலங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் பணம் ஒதுக்கிய அந்தப் பெருஞ்சட்டத்தின் வயிற்றுக்குள், 'ஹைடெக்' என்ற சுருக்கப் பெயரோடு இந்தப் பதிவேட்டு விஷயமும் அடங்கியிருந்தது. முதியோருக்கான மெடிகேர் திட்டத்தின் வழியாக வரும் வைத்தியர் ஐந்து ஆண்டுகளில் 44,000 டாலர் வரையிலும், ஏழைகளுக்கான மெடிகெய்ட் திட்டத்தின் வழியாக வருபவர் ஆறு ஆண்டுகளில் 63,750 டாலர் வரையிலும் சன்மானம் பெறலாம்; மருத்துவமனைகளுக்குத் தனிக் கணக்கு. வராமல் இருப்பவர்களுக்கு 2015 முதல் மெடிகேர் கொடுக்கும் கட்டணத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு குறையும். மறு ஆண்டு இரண்டு பங்கு, அதற்கடுத்த ஆண்டு மூன்று பங்கு. முதலில் வெல்லம், பிறகு பிரம்பு. ஆகமொத்தம் 3,000 கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று.

அரசாங்கம் இப்படிப் பணப்பையை அவிழ்த்ததற்கு முன்னே வெறும் உபதேசமும் நடந்து பார்த்தாகிவிட்டது. பத்து ஆண்டுகளுக்குள் பெரும்பான்மையான அமெரிக்கர்களுக்கு மின்னணுப் பதிவேடு வேண்டும் என்று 2004-இல் ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் அறிவித்தார். அதற்கென்று ஓர் அலுவலகமும் திறந்தார். பணம் மட்டும் சொல்லும்படியாக ஒன்றும் கொடுக்கவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 2008-இல், நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான கணக்கெடுப்பின்படி, முழு வசதிகளும் அமைந்த பதிவேட்டை உபயோகித்த வைத்தியர்கள் நூற்றுக்கு 4 பேர். ஏதோ அடிப்படை வசதி மட்டும் உள்ளதை வைத்திருந்தவர்கள் 13 பேர். மற்றவர்கள் அனைவரும் மருந்துக்கடைக்காரர் ஒருவரே படிக்கவல்ல கையெழுத்தில் தங்கள் சீட்டுகளை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களைச் சோம்பேறிகள் என்றோ பழமைவாதிகள் என்றோ சொல்லிவிடுவது அநியாயம். யந்திரத்தை வாங்குகிறவர் வைத்தியர். அதைப் பழகும் மாதங்களில் நோயாளிகளைக் குறைவாகப் பார்த்து வருமானத்தை இழக்கிறவரும் அவரே. ஆனால் ஓர் ஊரில் எடுத்த ரத்தப் பரிசோதனையை அடுத்த ஊரில் மறுபடியும் எடுக்காமல் மிச்சப்படுத்திய பணமோ காப்பீட்டு நிறுவனத்துக்கும் சர்க்காருக்கும் போய்ச் சேருகிறது. ஒருவர் செலவிலே ஏரி வெட்டி ஊரார் வயலுக்குப் பாய்ச்சுவது போன்ற காரியம் இது. ஊருக்குப் பொதுவான ஏரியை ஊர்ப்பொதுப் பணத்தில் வெட்டுவதே முறை என்ற அளவில், அந்தச் சட்டத்தின் உத்தேசத்தில் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை.

அதோடு, காகிதம் ஒன்றும் புனிதமான வஸ்து அல்ல. மருத்துவமனைகளில் நேரும் தவறுகளால் ஆண்டொன்றுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரையில் உயிரிழக்கிறார்கள் என்று அமெரிக்க மருத்துவக் கழகம் 1999-இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. மருந்தை மாற்றிக் கொடுப்பதும் அளவைப் பிசகிப் படிப்பதும் அந்தத் தவறுகளில் அடங்கும். 2005 ஆகஸ்டு மாதத்தில் கத்ரினா புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை வெள்ளத்தில் ஆழ்த்தியபோது, வைத்தியசாலைகளின் அடித்தளங்களிலும் அலமாரிகளிலும் இருந்த நோயாளிக் குறிப்புகள் கூழாகிப் போயின. உயிர் தப்பி வேற்றூர்களில் தங்கியவர்கள், நான் தினமும் ஒரு வெள்ளை மாத்திரையும் ஒரு நீல மாத்திரையும் சாப்பிட்டு வந்தேன் என்பதற்கு மேல் எதுவும் சொல்லத் தெரியாமல் புதிய வைத்தியர்களின் முன்னே நின்றார்கள். அதே நகரத்தில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையும் வெள்ளத்தில் சிக்கியதுதான். ஆனால் அதன் குறிப்புகள் கணிப்பொறியில் இருந்தபடியால், அவற்றின் நகலை ஹூஸ்டனுக்குக் கொண்டுபோய்ச் சில தினங்களுக்குள்ளே உயிர்ப்பித்துவிட்டார்கள். இந்த இரண்டு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தவர் எவரும் காகிதத்துக்காகக் கண்ணீர் விடமாட்டார்.

ஆகவே செய்யவேண்டிய காரியம் நல்ல காரியம் என்பதில் ஐயமில்லை. நல்ல காரியத்தைப் பணம் கொடுத்துச் செய்வித்தால் அதன் நன்மை குன்றுமா என்பதே இங்கே எழும் கேள்வி. கீதை கர்மத்தில் மட்டுமே நமக்கு அதிகாரம் உண்டு என்று வரம்பு கட்டிப் பலனை அந்த வரம்புக்கு வெளியே நிறுத்துகிறது. காண்ட் என்னும் ஜெர்மானிய ஞானி, 1785-இல் வெளியிட்ட ஒழுக்க நூலில், வாடிக்கையாளர் விலகிப்போவார்களே என்பதற்காகக் குழந்தைக்கும் கிழவனுக்கும் ஒரே விலை சொல்லும் கடைக்காரனைக் காட்டி, அவன் செயல் கடமைக்கு இசைந்திருக்கிறது, ஆனால் கடமையின் பொருட்டுச் செய்யப்படவில்லை என்று தீர்ப்பளிக்கிறார். ஆயுர்வேத ஆசிரியரான சரகர் இன்னும் ஒரு படி மேலே போய், சிகிச்சையைச் சரக்காக விற்றுப் பிழைப்பவன் பொற்குவியலை விட்டுவிட்டுப் புழுதிக்குவியலை அள்ளிக்கொள்கிறான் என்று வைத்தியனுக்கே எச்சரிக்கை விடுக்கிறார்.

மூவரும் மகான்கள், எனினும், அவர்களுடைய சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு, சன்மானம் பெற்ற வைத்தியர் மாசுபட்டார் என்று முடிவு கட்டுவதற்கு நான் உடன்படமாட்டேன். கூலி வாங்காத வைத்தியன் கதைகளில் அகப்படுவான். தெருவில் இருக்கும் வைத்தியனுக்கு வாடகை உண்டு, பிள்ளைகளின் படிப்புச் செலவு உண்டு. கீதையும் பலனே வரக்கூடாது என்று எங்கும் விதிக்கவில்லை. பலன் உன்னைச் செலுத்தும் காரணமாக இருக்கவேண்டாம் என்றுதான் விதிக்கிறது. அறுவடையான நெல் வீட்டுக்கு வருவதில் தோஷம் ஏது? உழுகிறவனுடைய கண் சாலிலிருந்து விலகிக் களஞ்சியத்தின் மேலே போய் நிற்குமானால், அங்கேதான் சால் கோணுகிறது. பணம் வந்ததா என்பதை விட, பணம் வந்தபோது கண் எங்கே போயிற்று என்பதே விசாரிக்கத்தக்கது.

இஸ்ரேல் நாட்டு ஹைபா நகரத்தில் இரண்டு பொருளாதார அறிஞர்கள் செய்த சோதனை ஒன்று 2000-ஆம் ஆண்டில் பிரசுரமாயிற்று. அங்கே குழந்தைகள் காப்பகங்களிலிருந்து பிள்ளைகளை அழைத்துப்போகப் பெற்றோர் சிலர் தாமதமாக வருவது வழக்கம். தாமதத்துக்கு அபராதம் விதித்தார்கள். குறையும் என்று எதிர்பார்த்த தாமதம் கூடிற்று. ஆசிரியையைக் காக்கவைக்கிறோமே என்று அதுவரையில் இருந்துவந்த கூச்சம், காசு கொடுத்து வாங்கக்கூடிய சௌகரியமாக மாறிவிட்டது. பிறகு அபராதத்தை எடுத்த பின்னும் பழைய கூச்சம் திரும்பி வரவில்லை. அமெரிக்க வைத்தியர்கள் விஷயத்திலும் இதன் சாயல் தெரிந்தது. 2015-இல் முதல் பிரம்படி விழுந்தபோது இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட வைத்தியர்களும் பிற மருத்துவத் தொழிலாளரும் அந்த ஒரு சதவிகிதக் குறைப்புக்கு ஆளானார்கள். அவர்களிலே யந்திரத்தின் விலையையும் தண்டத்தின் தொகையையும் தராசில் வைத்துப் பார்த்து, தண்டமே மலிவு என்று காகிதத்தோடு இருந்துவிட்டவர்களும் உண்டு. நோயாளிக்கு எது நல்லது என்ற கேள்வி அந்தத் தராசின் எந்தத் தட்டிலும் ஏறவில்லை.

ஆயினும் இது சிறிய விஷயம். பெரியது அந்தச் சட்டத்திலே வரும் ஒரு சொல்லில் ஒளிந்திருக்கிறது. யந்திரத்தை வாங்கிப் பெட்டியைப் பிரிக்காமல் மூலையில் வைத்துவிட்டுச் சன்மானத்தை மட்டும் பெற்றுக்கொள்வார்களோ என்று அஞ்சிய காங்கிரஸ், பதிவேட்டை 'அர்த்தமுள்ள வகையில் உபயோகிப்பவர்'களுக்கே பணம் என்று நிபந்தனை இட்டது. அர்த்தம்! உபநிஷத காலத்திலிருந்து தத்துவவாதிகள் துரத்திக்கொண்டிருக்கும் அந்த வஸ்துவை, அரசாங்க இலாகா ஒன்று குறிப்பிட்ட தேதிக்குள் வரையறுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. இலாகாவும் அஞ்சாமல் வரையறுத்தது. 2010 ஜூலையில் வெளியான விதிகள் 800 பக்கங்களுக்கு மேல் நீண்டன. வைத்தியர்களுக்கு 25 இலக்குகள். அவற்றில் 15 கட்டாயம், மிச்சம் பத்தில் ஐந்தைத் தேர்ந்துகொள்ளலாம். பதின்மூன்று வயதும் அதற்கு மேலும் ஆன நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் விஷயத்திலாவது, புகைபிடிக்கிறவரா இல்லையா என்பது பதிவாகியிருக்க வேண்டும். மருந்துச்சீட்டுகளில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் மின்வழியே கடைக்குப் போயிருக்க வேண்டும்.

இவற்றில் ஒன்றையாவது தேவையில்லாதது என்று தள்ள முடியாது. புகைபிடிப்பதைப் பற்றிக் கேட்பது வைத்தியரின் கடமையே. ஆனால் கேட்பதில் எத்தனை விதம் உண்டு! நாற்பது ஆண்டு புகைத்தவன் ஒருவன், மனைவி இறந்த வாரத்தில் விட்டுவிட்டதாகவும், பேரன் பிறந்த அன்று மறுபடி ஒன்று பற்றவைத்ததாகவும் தலையைக் குனிந்துகொண்டு சொல்லும் பதிலைக் காதில் வாங்கிக்கொண்டு, சற்று நேரம் பேசாமல் உடன் இருப்பதும் கேட்பதே. திரையைப் பார்த்தபடி, உண்டா இல்லையா என்று வினவி, கட்டத்தில் குறியிட்டு அடுத்ததற்குப் போவதும் கேட்பதே. இலாகாவின் கணக்கில் இரண்டும் ஒன்று. கணக்குக்கு அகப்படுவது குறி ஒன்றே, சிரத்தை அகப்படுவதில்லை. பணம் கொடுப்பவனுக்கு அத்தாட்சி வேண்டும். அத்தாட்சிக்கு உள்ளாகக் கூடியதையே அவன் கேட்கவும் முடியும். இதை அந்த இலாகாவின் குற்றமாக நான் சொல்லவில்லை. பணத்துக்கு இயற்கையாகவே வாய்த்திருக்கும் குருட்டுத்தன்மை இது.

இந்த இடத்தில் எனக்குச் சித்திரகுப்தனுடைய நினைவு வருகிறது. காஞ்சீபுரத்தில் அவனுக்குக் கோயில் இருக்கிறது. ஏடும் எழுத்தாணியுமாக அமர்ந்து, மனிதர்கள் செய்வதையெல்லாம் குறித்துவைத்து யமனிடம் ஒப்பிப்பவன் என்பது ஐதிகம். அந்தக் கற்பனையின் நுட்பம் அதன் எளிமையில் மறைந்துபோய்விட்டது. செய்கிறவன் ஒருவன், எழுதுகிறவன் வேறொருவன்; செய்கிறவன் அந்த ஏட்டைப் பார்ப்பதில்லை, எழுதுகிறவனோ அந்தச் செயலின் பலனை அடைவதில்லை. இந்த இரண்டு விலகல்களினாலேதான் ஏடு மெய்யாக இருக்கிறது. அமெரிக்கத் திட்டத்தில் நடந்தது என்ன? நான் இத்தனை நோயாளிகளுக்கு இன்னின்னவற்றைச் செய்தேன் என்று வைத்தியரே எண்ணிக்கைகளை நிரப்பி, அரசாங்கத்தின் மின்தளத்திலே தாமே உறுதிமொழி கொடுத்தார். பிற்பாடு சிலருடைய கணக்கை மட்டும் எடுத்துத் தணிக்கை செய்தார்கள். செய்கிறவனே சித்திரகுப்தன்; ஏட்டுக்குத் தக்கபடி பலனும் அவனுக்கே. ஒருவரும் பொய் எழுதவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், அப்படிப்பட்ட ஏட்டிலே எழுத்தாணி நோயாளியின் திசையை விட்டு மெல்ல மெல்லப் பலனின் திசைக்குச் சாய்வதைத் தடுக்க யாரால் ஆகும்? பொய்யும் நிகழாமல் இல்லை. தன்னுடைய மென்பொருள் விதிகளுக்கு இணங்கியது என்று தவறாகச் சான்றிதழ் பெற்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட நிறுவனம் ஒன்று, 2017-இல் அரசாங்கத்துக்கு 155 மில்லியன் டாலர் கட்ட இசைந்து வழக்கை முடித்துக்கொண்டது.

வைத்தியனுடைய ஏடு முதலில் யாருக்காக ஏற்பட்டது? 1968-இல் லாரன்ஸ் வீட் என்ற வைத்தியர், சிதறிக் கிடந்த குறிப்புகளை நோயாளியின் பிரச்சினைகளை வைத்து ஒழுங்குபடுத்தி எழுதும் முறையை வகுத்தபோது, அந்த ஏடு வைத்தியனை வழிநடத்தவும் மாணவனுக்குப் போதிக்கவும் வேண்டும் என்று கருதினார். நோயாளி சொன்னது, வைத்தியன் கண்டது, அவற்றிலிருந்து அவன் அனுமானித்தது, இனிச் செய்யப்போவது என்ற நான்கு படிகளில் இன்றும் உலகமெங்கும் குறிப்பு எழுதுவது அவர் வகுத்த வழி. அதைத் தர்க்க சாஸ்திரத்தின் வடிவம் என்றே சொல்லலாம். பிரத்தியட்சத்தையும் அனுமானத்தையும் பிரித்து எழுதச் சொல்வது சிந்தனைக்கு ஒரு நல்ல சிட்சை. ஏட்டைப் படிப்பவர் நாளைக்கு வரப்போகும் இன்னொரு வைத்தியர், அல்லது இன்றைய வைத்தியரே மறந்துபோன பின்பு. அந்த வாசகருக்காக எழுதும்போது சுருக்கம் ஒரு நற்குணம். ஐயம் இருந்தால் ஐயம் என்று எழுதுவதும் நற்குணம்.

வாசகர் மாறியதும் எழுத்து மாறிற்று. கட்டணம் கொடுக்கும் காப்பீட்டுக்காரர் படிப்பார். வழக்கு வந்தால் வக்கீல் படிப்பார். இப்போது இலக்கு எட்டிற்றா என்று சர்க்காரும் பார்க்கும். இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஐயம் கூடாது, சுருக்கம் கூடாது. நேற்றைய குறிப்பை அப்படியே எடுத்து இன்றைக்கு ஒட்டிவிடும் வசதியையும் யந்திரம் கொடுத்திருந்தபடியால், குறிப்புகள் பக்கம் பக்கமாகப் பெருத்தன. மூன்றாம் நாள் தணிந்துபோன ஜுரம் ஏழாம் நாள் குறிப்பிலும் எரிந்துகொண்டிருந்தது. உண்மையாகவே அந்த நோயாளிக்கு என்ன என்று அறிய விரும்பும் இன்னொரு வைத்தியர், வைக்கோற்போரில் ஊசி தேடுவதைப்போல அந்தப் பக்கங்களைத் தேடவேண்டியதாயிற்று.

2012-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில், ஒரு பெண் வைத்தியர் எழுதிய கட்டுரையோடு ஒரு படமும் வெளிவந்தது. ஏழு வயதுச் சிறுமி தான் வைத்தியரிடம் போய்வந்ததை வண்ண மெழுகுக் குச்சிகளால் வரைந்த படம் அது. பரிசோதனை மேஜைமேல் அவள் அமர்ந்திருக்கிறாள், பக்கத்தில் அக்காள், கைக்குழந்தையுடன் தாய். வைத்தியர் ஒரு மூலையில் அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி கணிப்பொறியின் முன்னே உட்கார்ந்திருக்கிறார். சிறுமி யாரையும் குற்றஞ்சாட்டுவதற்காக அதை வரையவில்லை, கண்டதை வரைந்தாள். பிரத்தியட்சம். 2016-இல் 57 வைத்தியர்களைப் பக்கத்திலிருந்து கவனித்து எழுதிய ஆராய்ச்சி ஒன்று, நோயாளியோடு நேருக்கு நேர் கழிக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பதிவேட்டுக்கும் மேஜை வேலைக்கும் போகிறது என்று கணக்கிட்டது. ஆனால் அந்தச் சிறுமியின் படத்தை விடத் தெளிவாக அது எதையும் சொல்லிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

நமது சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று அமெரிக்காவிலே பேராசிரியராகவும் நாவலாசிரியராகவும் விளங்கும் ஆபிரகாம் வர்கீஸ், இந்தச் சட்டம் வருவதற்குச் சற்று முன்பே, 2008-இல், இதைப்பற்றி எழுதினார். படுக்கையில் கிடக்கும் நோயாளி ஒருவர், கணிப்பொறிக்குள் வசிக்கும் அவருடைய பிம்பம் மற்றொருவர். மருத்துவக் குழு பிம்பத்தைச் சுற்றி அமர்ந்து மணிக்கணக்கில் விவாதிக்கிறது, மெய்யான நோயாளியோ தன் படுக்கையில் காத்திருக்கிறார் என்பது அவருடைய கருத்து. விக்கிரகத்தை வழிபடும் நமக்கு பிம்பம் என்பது புதிதல்ல. பிம்பத்தின் வழியாகத் தெய்வத்தை அடையலாம் என்பது நமது சமயத்தின் துணிவு. ஆனால் உற்சவமூர்த்திக்கு வீதியில் ஆரவாரம் நடக்கையில் மூலவருக்கு விளக்கேற்ற ஆள் இல்லாமற் போவதும் கோயில்களிலே நாம் கண்டதுதான்.

திருவள்ளுவர் மருந்து என்ற அதிகாரத்தின் முடிவில், வைத்தியத்துக்கு நான்கு அங்கங்களை எண்ணுகிறார்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து உதவுகிறவன். சரகரும் இந்த நான்கையே பாதங்கள் என்று சொல்வார். பணம் கொடுக்கும் மூன்றாம் மனிதர், அந்த இருவருடைய பட்டியலிலும் இல்லை. அவர் இல்லாமல் இன்றைய வைத்தியம் நடக்காது என்பதையும் நான் அறிவேன். பெரும் நோய் வந்தால் தன் கைப்பணத்திலே சமாளிக்கக்கூடியவர் எத்தனை பேர்? ஐந்தாவது அங்கமாக அவருக்கு ஓர் ஆசனம் போடத்தான் வேண்டும். ஆனால் அந்த ஆசனத்தை நோயாளிக்கும் வைத்தியருக்கும் நடுவிலா போடுவது?

நியாயமாகப் பார்த்தால், திட்டம் தோற்றது என்று சொல்லவும் வழியில்லை. 2015 அளவில் மருத்துவமனைகளில் நூற்றுக்கு 96 சான்றிதழ் பெற்ற பதிவேட்டை வைத்திருந்தன. ஒன்றோடொன்று ஒவ்வாத இரண்டு மருந்துகளைச் சேர்த்து எழுதினால் திரை எச்சரிக்கிறது. பாதி ராத்திரியில் வீட்டிலிருந்தே பரிசோதனை முடிவைப் பார்த்து ஓர் உயிரைக் காக்க முடிகிறது. வேண்டியபடி வந்து சேராத ஒன்றும் இருந்தது: ஒரு நிறுவனத்தின் பதிவேடு மற்றொரு நிறுவனத்தின் பதிவேட்டோடு பேசவில்லை. 3,000 கோடி டாலர் செலவான தேசத்தில், ஒரு மருத்துவமனையிலிருந்து பக்கத்து மருத்துவமனைக்குக் குறிப்புகளை ஃபாக்ஸ் யந்திரத்தில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நமது நாட்டிலும் 2023 ஜனவரி முதல் மத்திய அரசாங்கம், நோயாளியின் ஒப்புதலோடு அவருடைய மின்பதிவுகளை அவரது சுகாதார அடையாள எண்ணோடு இணைக்கும் மருத்துவமனைகளுக்கும் பரிசோதனைக் கூடங்களுக்கும் மென்பொருள் நிறுவனங்களுக்கும் எண்ணிக்கைக்குத் தக்கபடி ஊக்கத்தொகை கொடுக்கத் தொடங்கிற்று. எண்ணிக்கைக்குத் தக்கபடி என்ற சொற்றொடரைப் படித்தபோது எனக்குச் சிறிது கவலையாகவே இருந்தது.

ஏட்டைப் படிக்கக்கூடிய இன்னொருவரைப் பற்றி இதுவரையில் நான் பேசவில்லை. பல்லாண்டுகளாக வைத்தியர்களும் அவரைப்பற்றி நினைத்ததில்லை. அமெரிக்கத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், நோயாளிகளில் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்பட்டவர்கள் தங்கள் பதிவைத் தாங்களே திறந்து பார்த்திருக்க வேண்டும் என்று ஓர் இலக்கு வைத்தார்கள். நோயாளி பார்க்காவிட்டால் அதற்கு நாங்களா பொறுப்பு என்று வைத்தியர்கள் முறையிட்டார்கள். 2015-இல் அந்த இலக்கைத் தளர்த்தினார்கள்: ஒரே ஒரு நோயாளி பார்த்தால் போதும் என்று. அரசாங்கக் கோப்புகளில் இதைப்போன்ற துயரமான ஹாஸ்யம் அடிக்கடி அகப்படுவதில்லை.

ஆனால் அதற்கு முன்னரே, 2010-இல், பாஸ்டனிலும் பென்சில்வேனியாவிலும் சியாட்டிலிலும் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட வைத்தியர்கள், தாங்கள் எழுதும் குறிப்பை அப்படியே தங்கள் நோயாளிகள் படிக்கும்படி திறந்துவைக்கத் தாமாகவே முன்வந்தார்கள். 44,000 டாலரும் இல்லை, ஒரு சதவிகிதத் தண்டமும் இல்லை. ஓராண்டு முடிந்ததும், விருப்பமில்லாதவர்கள் மூடிவிடலாம் என்று சொன்னபோது ஒருவரும் மூடவில்லை. தாங்கள் எழுதும் விதம் மாறிப்போனதாக அவர்களிலே சிலர் சொன்னார்கள்: புற்றுநோயைப் பற்றி, மனநோயைப் பற்றி, குடியைப் பற்றி, உடற்பருமனைப் பற்றி எழுதவேண்டி வந்தபோது. இரவு உணவுக்குப் பிறகு ஒரு வைத்தியர் அன்றைய குறிப்புகளை முடிக்க அமர்கிறார் என்று நினைத்துக்கொள்ளலாம். நூறு முறை யோசிக்காமல் தட்டிய ஒரு சொல்லின்மேல் அவர் விரல் வந்து நிற்கிறது. நாளைக் காலையில் அந்த அம்மாள் தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து இதைப் படிப்பாள். அவர் அந்தச் சொல்லை அழித்துவிட்டு, காலையில் அந்த அம்மாள் தன்னிடம் சொன்னது என்ன என்று நினைவுகூரப் பார்க்கிறார்.